தட்டாமல் வந்த பழங்கள்

மலைக்காட்டில் ஓடைக்கு மேலே ஒரு பெரிய குங்கிலிய மரம். அந்த மரத்துப் பொந்துக்குள் வெண்கண்ணி என்ற பெண் இருவாச்சிப் பறவை தன்னைத்தானே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், பூட்டிக்கொண்டுதான்! இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்காரும். மண்ணையும் பழச்சக்கையையும் தன் எச்சத்தையும் குழைத்து, உள்ளேயிருந்தே வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே போனதும் இறகுகளைக்கூட உதிர்த்துவிடும். புது இறகு முளைத்து, குஞ்சும் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் வெளியே வரும். அதுவரை சாப்பாட்டுக்குப் புருஷனைத்தான் நம்பியிருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட நம்பிக்கை பாருங்கள்! எனக்கெல்லாம் கதவு கொஞ்ச நேரம் பூட்டியிருந்தாலே மூச்சு முட்டும்.

வெண்கண்ணியின் புருஷன் பெயர் மஞ்சமூக்கன். காடு முழுக்கப் பறந்து பழம் பொறுக்குவான். தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு வீடு திரும்புவான். ஆனால் வந்த வேகத்தில் கொடுத்துவிட மாட்டான். அங்கேதான் இருக்கிறது விஷயம்!

முதலில் பொந்துக்கு முன்னால் உள்ள கிளையில் சாவகாசமாக உட்காருவான். மூக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மரப்பட்டையில் தேய்த்துத் துடைப்பான். அப்புறம் மரத்தைத் தட்டுவான்.

டொக்! டொக்!

“யாரது வாசல்ல?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். என்னமோ ஊரே வாசலில் வரிசை கட்டி நிற்பதுபோலக் கேட்பாள்!

“உன் வீட்டுக்காரன்தான்!”

“வெறும் மூக்கோடயா?”

“மோந்து பாரு!”

தொண்டையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கீறலுக்கு நேரே காட்டுவான். கொடுக்க மாட்டான், காட்டுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள்.

“அத்தி! ஓடைக்கு அந்தாண்ட நிக்குற மரத்து அத்தி! நல்லா வெயில் பட்டது!”

“சபாஷ்!”

பழத்தை மேலே தூக்கிப் போட்டு லாகவமாகப் பிடிப்பான். உள்ளேயிருந்து அவள் டொக் என்று ஒரு தட்டுத் தட்டுவாள். அப்போதுதான் பழம் அவள் வாய்க்குப் போகும். அடுத்த பழத்துக்கு மறுபடியும் தட்டு, மறுபடியும் மோப்பம், மறுபடியும் சபாஷ்! இத்தனைக்கும் எல்லாம் ஒரே மரத்துப் பழம்தான்.

கடைசிப் பழம் போனதும் அவள் கேட்பாள். “எனக்குப் போதும். நீங்க சாப்பிட்டீங்களா?”

“இனிமேத்தான்.”

“அப்ப முதல்ல போய்ச் சாப்பிடுங்க!”

அவனும் போய் வயிறாரச் சாப்பிடுவான். காற்றும் வெளிச்சமும் இல்லாத அந்தப் பொந்துக்குள் வெண்கண்ணி ராணி மாதிரி இருந்தாள். சாப்பிட்ட பழம் அவள் உடம்பில் ஒட்டியது. இப்படியும் ஒரு குடித்தனமா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

பக்கத்து மரத்தில் ஒரு குரங்கு இருந்தான். பெயர் பொதியன். அவன் சாப்பிடுவதைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். கண்ணில் பட்டதையெல்லாம் கன்னத்துக்குள் திணிப்பான். இந்தக் கன்னம் நிறைந்தால் அந்தக் கன்னம். இரண்டும் உப்பிப்போய் பல்வலிக்காரன் மாதிரி உட்கார்ந்திருப்பான். ஒரு பக்கம் மென்றுகொண்டே இன்னொரு பக்கம் திணிப்பான். “இப்ப என்ன சாப்பிட்ட?” என்று கேட்டால் திருதிருவென விழிப்பான். எதையெல்லாம் உள்ளே தள்ளினான் என்று அவனுக்கே தெரியாது!

ஆனால் கெட்டவன் இல்லை. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லாவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான். மஞ்சமூக்கன் செய்யும் சடங்கை அவன் நாள் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவனுக்குக் கை பரபரத்தது.

ஒரு நாள் காலையில் பொந்துக்குள்ளிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. குஞ்சு பொரித்துவிட்டது!

மஞ்சமூக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. கிளைக்குக் கிளை தாவினான். “எனக்குப் புள்ள பொறந்திருக்கு!” என்று காடு அதிரக் கத்தினான். கத்தி முடித்ததும் கவலை பிடித்துக்கொண்டது.

“இனிமே ரெண்டு வாயாச்சே! நான் ஒருத்தன் கொண்டு வர்றது போதுமா?” என்று முனகினான்.

பொதியன் இதற்காகத்தான் காத்திருந்தான். ஒரே தாவலில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே! நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு பொதியா.”

“நீங்க பழம் பறிக்கிற நேரத்தைவிடத் தட்டுற நேரம்தான் அதிகமா இருக்கு! மூக்கைத் துடைக்கிறது, தட்டுறது, யாரதுன்னு அண்ணி கேக்குறது, மோந்து பாக்குறது, தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது! யாரதுன்னு அண்ணிக்குத் தெரியாதா? உங்களைத் தவிர யாரு வரப்போறா?”

“தெரியும்தான்…”

“வயித்துக்குக் காதா இருக்கு, நீங்க தட்டுறது கேக்க? வயித்துக்குக் கண்ணா இருக்கு, நீங்க காட்டுற வித்தையைப் பாக்க? வந்தீங்களா, கீறல் வழியா மொத்தத்தையும் கொட்டினீங்களா, அடுத்த நடைக்குக் கிளம்பினீங்களான்னு இருக்கணும். பழம் ரெண்டு மடங்கு சேரும். புள்ளையும் கொழுகொழுன்னு வளரும்!”

மஞ்சமூக்கன் யோசித்தான். குரங்கு சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பிள்ளைமேல் அவ்வளவு பிரியம் அவனுக்கு. பிள்ளைக்கு நல்லது என்று சொன்னால் மலையைக்கூடப் பெயர்த்துவிடுவான்.

“நீ சொல்றதும் சரிதான்!” என்று உடனே பறந்துபோனான்.

அன்று அவன் தொண்டை புடைக்கப் பழத்தோடு வந்தான். கிளையில் உட்காரவில்லை. மூக்கைத் துடைக்கவில்லை. கீறலில் மூக்கை வைத்து அத்தனையையும் கடகடவென்று உள்ளே உதிர்த்தான்.

“யாரது?” என்று வெண்கண்ணி திடுக்கிட்டுக் கேட்டாள். பதில் சொல்ல ஆள் இல்லை. இறக்கைச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

‘பாவம், அவருக்கு என்ன அவசரமோ!’ என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஒரு பழத்தை எடுத்தாள். மென்றாள். சப்பென்று இருந்தது. கீழே வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கடகட! பழம் அவள் தலைமேலேயே வந்து விழுந்தது. மறுபடியும் கடகட! உட்காரக்கூட இடம் இல்லாமல் பழம் குவிந்தது. முன்பெல்லாம் டொக் என்று கேட்டாலே அவள் வாயில் எச்சில் ஊறும். வயிறு கூப்பிடும். இப்போது எது காலைச் சாப்பாடு, எது மாலைச் சாப்பாடு என்றே அந்த இருட்டில் தெரியவில்லை. எந்நேரமும் சாப்பாடு விழுந்துகொண்டே இருந்தது. பசி மட்டும் வரவில்லை.

‘சொன்னால் அவர் மனசு சங்கடப்படும். இவ்வளவு பாடுபடுகிறாரே!’ என்று அவள் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மஞ்சமூக்கனிடம் “நீங்க சாப்பிட்டீங்களா?” என்று கேட்கவும் ஆள் இல்லை. அவன் தன் சாப்பாட்டையே மறந்துபோனான். நடைமேல் நடை அடித்தான். நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

அழுக ஆரம்பித்த பழங்களை வெண்கண்ணி கீறல் வழியாக வெளியே தள்ளினாள். அவை மரத்தடியில் பொத்பொத்தென்று விழுந்தன. அங்கே ஒரு மரநாய் வந்து சேர்ந்தது. விழுந்ததையெல்லாம் சாப்பிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டது.

“நல்ல வீடு! உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருது!” என்று மேலே பார்த்தது. அப்படிப் பார்க்கும்போது அதன் பார்வை பழத்தில் இல்லை, சுவரில் இருந்தது. “பழம் வேண்டாம்னு தள்ளுறவ எத்தனை நாளைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பா? சுவரை உடைச்சுட்டு வரட்டும். இறகு முளைக்காத தாய், கண் திறக்காத குஞ்சு! நமக்கு வேட்டைதான்!”

கேட்கவே பகீரென்கிறது இல்லையா? மஞ்சமூக்கனுக்கு இது எதுவும் தெரியாது. ஒரு நாள் பழத்தோடு வரும்போதுதான் மரத்தடியைக் கவனித்தான். மரநாய் தின்றது போக, அவன் கொண்டுவந்த பழங்கள் அங்கே கிடந்தன!

“வெண்ணி! சாப்பிடலையா நீ?” என்று பதறினான்.

“பசிக்கலைங்க.”

“புள்ள?”

“கொடுத்தா வாயைத் திறக்க மாட்டேங்குது. நான் மென்னா அதுவும் மெல்லும். நான் சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கு. இப்பல்லாம் கீச்சுன்னுகூடச் சொல்றதில்ல.”

மஞ்சமூக்கன் மரத்தடியில் கிடந்த பழங்களை மறுபடியும் பார்த்தான். பழம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். பாவம், ஆண்களுக்கு அதுதானே முதலில் தோன்றும்! அடுத்த மலைக்குப் பறந்து கொழுத்த ஆலம்பழம் கொண்டுவந்து கொட்டினான். பள்ளத்துக்குப் போய் நாவல் கொண்டுவந்து கொட்டினான். ஒரு ஓணானைக்கூடப் பிடித்துவந்து உள்ளே போட்டான். அது பொந்துக்குள் விழுந்து வெண்கண்ணியைப் பயமுறுத்தியதுதான் மிச்சம்.

“பொதியா! உன் பேச்சைக் கேட்டு நான் கெட்டேன்! முன்னாடி தட்டித் தட்டிக் கொடுத்தப்ப நல்லாத்தானே சாப்பிட்டா?” என்று குரங்கிடம் சண்டைக்குப் போனான்.

பொதியன் கொஞ்சம்கூட அசரவில்லை.

“அட, சத்தம்தானே வேணும்? அதுக்கு ஏன் நீங்க உட்கார்ந்து நேரத்தை வீணாக்கணும்? நீங்க பழத்தைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போங்க. தட்டுற வேலையை நான் பாத்துக்கறேன். எனக்கு ரெண்டு கை இருக்கு!”

மஞ்சமூக்கன் ஏமாந்தான். மறுபடியும்!

அவன் அந்தப் பக்கம் போனதும் பொதியன் பொந்துக்கு முன்னால் வந்து குந்தினான். இரண்டு கையாலும் மரத்தைத் தடதடவென்று அடித்தான். “யாரது வாசல்ல வீட்டுக்காரன்தான் வெறும் மூக்கோடயா மோந்து பாரு அத்தி சபாஷ் இந்தா டொக்கு! ஆச்சு அண்ணி, சாப்பிடுங்க!” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அண்ணி சொல்ல வேண்டியதையும் அவனே சொல்லிவிட்டான்! ஒரு பழத்தை எடுத்துக் கீறலில் காட்டினான். காட்டிவிட்டுத் தன் கன்னத்துக்குள் போட்டுக்கொண்டான். பழக்க தோஷம்!

உள்ளே வெண்கண்ணி குஞ்சை அணைத்துக்கொண்டு மூலையில் ஒண்டினாள்.

“யாருடா நீ? என் வீட்டுக்காரர் எங்கடா?” என்று அலறினாள்.

“அண்ணே வேலையா போயிருக்காரு. எல்லாம் நான் பாத்துக்கறேன்!”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் யாரோ ஒருத்தன் நிற்கிறான். புருஷன் தட்டும் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. ‘அவருக்கு என்ன ஆச்சோ! என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டதோ! நானே வெளியே போய்ப் பார்த்துவிடுகிறேன்!’ என்று முடிவு செய்தாள். அலகால் சுவரைக் கொத்தத் தொடங்கினாள்.

சுவரிலிருந்து ஒரு பொருக்கு பெயர்ந்து கீழே விழுந்தது. மரநாய் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

பொதியனுக்கு அப்போதுதான் உறைத்தது. “ஐயையோ அண்ணி! உடைக்காதீங்க! கீழே மரநாய்!” என்று கத்தினான். குரங்கின் குரலைக் கேட்டு அவள் இன்னும் வேகமாகக் கொத்தினாள். அவன் கன்னம் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு கத்தியதில் பாதி வார்த்தை வெளியேயே வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையா அது! காற்று சுழன்று அடித்தது. காட்டில் பழுத்துத் தொங்கிய பழம் அத்தனையும் உதிர்ந்து ஓடையில் போனது. மஞ்சமூக்கன் மரம் மரமாக அலைந்தான். எங்கும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஓடைக்கு அந்தாண்ட நிற்கும் அத்தி மரத்தில், இலைக்கு அடியில் ஒரே ஒரு பழம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பறித்துக்கொண்டு நனைந்த இறக்கையோடு வீடு வந்து சேர்ந்தான்.

வந்து பார்த்தால் சுவர் விரிந்திருக்கிறது! மரநாய் பாதி மரம் ஏறிவிட்டது!

மஞ்சமூக்கன் பாய்ந்தான். பெரிய அலகால் அதன் முதுகில் ஒரு போடு போட்டான். மரநாய் ‘வாள்’ என்று கத்திக்கொண்டு வழுக்கிக் கீழே விழுந்தது. ஆனால் ஓடிப்போகவில்லை.

“எத்தனை நேரம் காவல் காப்ப? நீ பழத்துக்குப் போய்த்தானே ஆகணும்? சுவரை நானா உடைக்கிறேன்? உன் பெண்டாட்டிதான் உடைக்கிறா!” என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அது சொன்னது உண்மை. உள்ளே கொத்தும் சத்தம் நிற்கவில்லை. மரநாயை விரட்டலாம். வெண்கண்ணி மனசை எப்படித் திருப்புவது? மஞ்சமூக்கனுக்குத் தெரியவில்லை.

தொண்டையில் இருந்ததோ ஒரே ஒரு பழம். மொத்தமாகக் கொட்ட அவனிடம் வேறு எதுவும் இல்லை. அந்த ஒன்றை விசிறி எறிய அவனுக்கு மனசு வரவில்லை. வெறுமனே கிளையில் உட்கார்ந்தான். மழைத் தண்ணீர் மூக்கில் வழிந்தது. பழைய பழக்கத்தில் மூக்கை இந்தப் பக்கம் தேய்த்தான். அந்தப் பக்கம் தேய்த்தான்.

டொக்! டொக்!

உள்ளே கொத்தும் சத்தம் நின்றது.

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. பொதியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். மஞ்சமூக்கன் இன்னொரு தடவை தட்டினான். மெதுவாக, அவள் கேட்கட்டும் என்று தட்டினான்.

டொக்! டொக்!

“யாரது… வாசல்ல?”

குரல் கம்மியிருந்தது. ஆனால் அதே கேள்வி!

“உன் வீட்டுக்காரன்தான் வெண்ணி!” என்றான்.

“வெறும் மூக்கோடயா?”

“மோந்து பாரு.”

பழத்தைக் கீறலுக்கு நேரே காட்டினான். உள்ளே அவள் கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மோந்தாள்.

“அத்தி… ஓடைக்கு அந்தாண்ட மரம்… மழையில நனைஞ்சது. நீங்களும் நனைஞ்சிருக்கீங்க!”

“சபாஷ்!”

நனைந்த பழத்தைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். அலகு தவறினால் ஓடைக்குத்தான் போகும் என்று தெரிந்தும் போட்டான். பொதியன் பயத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டான். உள்ளேயிருந்து டொக் என்று ஒரு தட்டு வந்தது. பழம் உள்ளே போனது.

வெண்கண்ணி மென்றாள். அவள் மெல்வதைப் பார்த்துக் குஞ்சு வாயைத் திறந்தது. ‘கீச்!’ என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மஞ்சமூக்கன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“என்னங்க, இன்னொண்ணு இருக்கா? புள்ள கேக்குது! எனக்கும் பசிக்குதுங்க!”

“இல்லையே வெண்ணி! காடே உதிர்ந்துபோச்சு! இதுதான் இருந்துச்சு.”

உள்ளே அவள் பழக்குவியலைக் கிளறிப் பார்த்தாள். அப்புறம் அவள் சொன்னாள்.

“உள்ளே நீங்க கொட்டினது நிறையக் கிடக்கு. நல்லது நாலு பொறுக்கித் தர்றேன். வாங்கிக்கிட்டு, நீங்க தட்டிக் கொடுங்க!”

பொதியனுக்குத் தலை சுற்றியது. “அண்ணி! அது உள்ளேயே கிடந்த பழம்தானே? இத்தனை நாளா பக்கத்துலயே கிடந்துச்சே! அப்படியே எடுத்து வாயில போட்டா என்ன?” என்று கேட்டான்.

“போட்டுப் பாத்தேன் தம்பி. மண்ணு மாதிரி இருந்துச்சு,” என்றாள் வெண்கண்ணி.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். கெடாத பழம் ஒவ்வொன்றாகக் கீறல் வழியாக வெளியே வந்தது. மஞ்சமூக்கன் அதை மூக்கில் வாங்கினான். தட்டினான். அவள் யாரது என்று கேட்டாள். அவள் கொடுத்த பழத்தையே அவளிடம் காட்டி “மோந்து பாரு!” என்றான். அவளும் சளைக்காமல் மோந்து பார்த்து, “ஆலம்பழம்! அடுத்த மலைக்கா போனீங்க? எனக்காகவா அவ்வளவு தூரம் போனீங்க?” என்று வியந்தாள். கொட்டிய அன்றைக்கு அது எந்த மலைப் பழம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது! ஒவ்வொரு பழத்தையும் ருசித்து ருசித்துச் சாப்பிட்டாள். குஞ்சும் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டது.

கடைசிப் பழமும் போனது.

“எனக்குப் போதும். நீங்க சாப்பிட்டீங்களா?”

மஞ்சமூக்கன் அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் பட்டினி கிடந்தான் என்று தோன்றியது. “இனிமேத்தான்,” என்றான்.

“கேக்க ஆளில்லைன்னா சாப்பிடாம கிடப்பீங்களா? ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இந்தாங்க!” என்று கீறல் வழியாக ஒரு நாவல் பழத்தை நீட்டினாள். நீட்டிவிட்டு உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஊஹூம்! முதல்ல மோந்து பாருங்க!”

இப்படிப்பட்ட பெண்ணுக்கு முன்னால் யாருக்குத்தான் பசிக்காது!

அழுகிப்போன பழங்களை அவள் வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் மிதித்துக் கூழாக்கினாள். மண்ணைச் சேர்த்துக் குழைத்து, விரிந்த சுவரை உள்ளேயிருந்தே மெழுகிவிட்டாள். தட்டாமல் வந்த பழங்கள் சுவருக்குச் சாந்தாகிவிட்டன. மரங்களில் மிஞ்சிய காய்கள் பழுக்கப் பழுக்க, மஞ்சமூக்கன் ஒவ்வொன்றையும் தட்டியே கொடுத்தான். அன்று முதல் மரத்தடியில் ஒரு பழம்கூட விழவில்லை. மரநாய் கொஞ்ச நாள் அண்ணாந்து பார்த்தது. கழுத்து வலித்ததும் திட்டிக்கொண்டே வேறு காட்டுக்குப் போய்விட்டது.

காலம் வந்ததும் வெண்கண்ணி தானே சுவரைத் திறந்தாள். புது இறகு பளபளக்க வெளியே வந்தாள். குஞ்சும் நன்றாக வளர்ந்து, ஒரு நாள் கிளையில் வந்து நின்றது. முதல் முதலாகத் தானே ஒரு அத்திப்பழம் பறித்தது. உடனே விழுங்கியதா? இல்லை! கிளையை டொக் டொக் என்று தட்டியது. தூக்கிப் போட்டுப் பிடித்தது. அப்புறம்தான் விழுங்கியது. தாயும் தகப்பனும் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொதியனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் கன்னம் இரண்டும் வழக்கம்போல உப்பியிருந்தன. யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, கன்னத்துக்குள்ளிருந்து ஒரு பழத்தை வெளியே எடுத்தான். துடைத்தான். கிளையைத் தட்டினான்.

“யாரது?” என்று தன்னையே கேட்டான். வெட்கமாக இருந்தது. “நான்தான் பொதியன்,” என்று பதில் சொன்னான். மோந்து பார்த்தான். மூக்குக்குள் வாசனை ஏறியது. பழத்தைத் தூக்கிப் போட்டான். பிடிக்கத் தெரியாததால் அது மண்டையில் விழுந்தது. எடுத்து மறுபடியும் துடைத்து, மெதுவாக ஒரு கடி கடித்தான்.

அவன் கண் அகல விரிந்தது. பிறந்ததிலிருந்து மூட்டை மூட்டையாகத் தின்ற பழம்தான்.

“அண்ணே! அண்ணி! அத்திப்பழம் இனிக்குது!” என்று காடு அதிரக் கத்தினான். “வயித்துக்குக் காது இருக்குண்ணே!”

சாப்பிடும் முன் தானே மனசு வைத்துச் செய்கிற சின்னச் சடங்குதான் வெறும் தீனியை விருந்தாக்கி உடம்பில் ஒட்ட வைக்கிறது.